444 நாள் டெபாசிட் என்றால் எத்தனை வருஷம்?

கேள்வி: எங்கள் வங்கியில் 444 நாள் டெபாசிட்டுக்கு 7% வட்டி, முடிவில் 8.81% லாபம் என்கிறார்கள். இன்னொரு வங்கியில் ஒரு வருஷத்துக்கு 7.25% தான். 2026 ஏப்ரல் 1-ல் 5 லட்சம் போட்டால், 2027 ஜூன் முதல் வாரம் மகளின் கல்லூரிக் கட்டணம் 2 லட்சத்தைக் கட்ட முடியுமா?

பதில்: முடியாது. முதலில் தேதியைப் பார்ப்போம். 444-ல் 365 போனால் மிச்சம் 79 நாள். 2027 ஏப்ரல் 1-லிருந்து எண்ணுங்கள்: ஏப்ரலுக்கு 30, மே மாதத்துக்கு 31, ஆக 61. மீதி 18 நாளுக்கு ஜூன் 19 ஆகிவிடும். கட்டணத் தேதி அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிடுகிறது. நடுவில் முறித்தால், பணம் இருந்த நாட்களுக்கான வட்டி விகிதம்தான் தருவார்கள். பெரும்பாலான வங்கிகள் அதிலும் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ அபராதமாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது அந்த 8.81%. கணக்கு பொய்யில்லை. காலாண்டுக் கூட்டு வட்டியில், அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்த்துக் கணக்கிட்டால், 5 லட்சம் முதல் வருஷ முடிவில் சுமார் 5,35,930 ரூபாய் ஆகும். மீதி 79 நாளுக்கு இன்னும் 8,120 ரூபாய் சேரும். மொத்த வட்டி சுமார் 44,050, அதாவது 8.81%. ஆனால் இது 444 நாளுக்கான லாபம். 365-ஆல் பெருக்கி 444-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 7.24% தான். இன்னொரு வங்கியின் 7.25%-ம் காலாண்டுக் கூட்டு வட்டி என்றால் வருஷ முடிவில் 7.45% ஆகிறது. சின்னதாகத் தெரிந்ததுதான் உண்மையில் கொஞ்சம் பெரியது! வெவ்வேறு காலத்துக்கான சதவீதங்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது.

அதற்காக 5 லட்சத்தையும் அங்கே போடச் சொல்லமாட்டேன். வங்கி மூழ்கினால் பணத்தைத் திருப்பித் தரும் டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். ஒரே வங்கியில் முழுத்தொகையும் போட்டால் வட்டி முழுக்கக் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும்.

கட்டணத்துக்கான 2 லட்சத்தை 7.25% தரும் வங்கியில் 422 நாளுக்குப் போட முடியுமா என்று கேளுங்கள். பல வங்கிகளில் நாள் கணக்கை நாமே சொல்லலாம். 422 நாள் என்றால் 2027 மே 28-ல் பணம் கைக்கு வரும். அதே விகிதம் அத்தனை நாளுக்கும் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு வருஷத்துக்கே போட்டு, ஏப்ரலில் எடுத்துச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதி 3 லட்சம் அவசரத்துக்குத் தேவையில்லை என்றால் 444 நாளிலேயே இருக்கட்டும்.

அப்புறம், ரசீது கையில் வந்ததும் முதிர்வுத் தேதியைப் பாருங்கள். படிவத்தில் தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு டிக் போட்டிருந்தால், கட்டணத்துக்கான டெபாசிட்டில் அதை எடுக்கச் சொல்லிவிடுங்கள்.