ஒரே அதிகாரி, இரண்டு உறுதிமொழி: சந்தேகப் பேர்வழியா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அந்நாட்டு உள்நாட்டுப் போர்க் காலத்துக் காகிதங்களை வாங்கப் பார்க்கிறான். பிரிந்துபோன தென்மாநிலங்களை எதிர்த்து அரசுக்காகப் போரிட்ட வடக்குப் படையின் கேப்டன் ஒருவர் 1862 அக்டோபரில் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட்டிருக்கிறார். 1864இல் மேஜரானதும் மறுபடி கையெழுத்து. "தென்பக்கம் சாய்வார் என்று சந்தேகப்பட்டு மறுபடி சத்தியம் வாங்கினார்கள், அபூர்வம்" என்று தரகர் விலையை ஏற்றுகிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அங்கே பதவி உயர்வு என்பது புது நியமனம். போர்த்துறை நேரடியாக நியமித்த அதிகாரிக்கு நியமனக் கடிதத்தோடு உறுதிமொழிப் படிவமும் வரும். பதவியை ஏற்கிறேன் என்று எழுதி, படிவத்தில் கையெழுத்தும் சான்றொப்பமும் போட்டு, வயது, பிறந்த ஊர், சொந்த மாநிலம் எல்லாம் சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் கேப்டன் செய்தது இவ்வளவுதான்.

1862 ஜூலை 2 சட்டப்படி, 'இதுவரை அமெரிக்காவுக்கு எதிராக விரும்பி ஆயுதம் ஏந்தியதில்லை' என்றும் சத்தியம் செய்யவேண்டும். அதிபருக்கு மட்டும் விலக்கு. இரண்டு வருஷம் குண்டுமழையில் நின்றவனிடமும் இதே படிவத்தை நீட்டினார்கள். தென்பக்கம் போகிறவர்களோ எப்போதோ போய்விட்டார்கள்: பின்னாளில் தென்படைத் தளபதியான ராபர்ட் லீக்கு 1861 மார்ச்சில் அதிபர் லிங்கன் கையெழுத்தோடு கர்னல் பதவி கிடைத்தது, ஏப்ரல் 20 அன்று ராஜினாமா. பழைய உறுதிமொழி அவரைத் தடுக்கவில்லை. காகிதம் பெருகியதுதான் மிச்சம்.

சந்தேகத்துக்கு இடமுள்ள உறுதிமொழி ஒன்று உண்டு, அது வேறு. தென்பக்கம் நின்றவர்கள் மன்னிப்புக்காக எடுத்தது. 1863 டிசம்பரில் லிங்கனும் 1865 மே மாதம் அவருக்கு அடுத்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனும் வெளியிட்ட பிரகடனங்களின்படி நடந்தது. கர்னலுக்கு மேற்பட்ட தென்படை அதிகாரிகளுக்கு ஜான்சனின் பொதுமன்னிப்பு கிடையாது, தனியாக மனுப்போட வேண்டும். அதற்கும் வாஷிங்டனில் தரகர்கள் முளைத்தார்கள்! லீ 1865 அக்டோபர் 2இல் கையெழுத்திட்ட தாள் 1970இல்தான் தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. உங்கள் தாளில் மன்னிப்புப் பிரகடனம் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் தரகரின் சந்தேகக் கதையே பொருந்தாது.

விலையை விட எனக்கு உறுத்துவது வேறு. கையெழுத்தான படிவம் வாஷிங்டனுக்குப் போயிருக்க வேண்டியது. தரகர் கைக்கு எப்படி வந்தது? அதிகாரி வைத்துக்கொண்ட பிரதியாக இருக்கலாம், போலியாக இருக்கலாம், காப்பகத்திலிருந்து திருடியதாகவும் இருக்கலாம். திருட்டு என்றால் அரசு திரும்பக் கேட்கும். காகிதமும் போகும், பணமும் போகும். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். 'குடும்பச் சொத்து' என்று வாயால் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

போர்த்துறை வழங்கிய நியமனப் பத்திரம் என்று ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் போர்த்துறைச் செயலரின் கையெழுத்தைப் பாருங்கள். 1862 ஜனவரி வரை கேமரன், பிறகு ஸ்டான்டன். 1864 பத்திரத்தில் கேமரன் இருந்தால் பேச்சே வேண்டாம். 1865 மார்ச் 13 தேதியிட்ட 'பிரெவெட்' பதவியைக் காட்டினாலும் மயங்காதீர்கள். அது கௌரவப் பட்டம், அதே தேதியில் ஏராளமானோருக்கு அள்ளிக் கொடுத்தது.

பணம் கட்டுமுன், அந்த அதிகாரியின் சேவைப் பதிவு நகலை மகனே காப்பகத்துக்கு நேரடியாக விண்ணப்பித்து வாங்கட்டும். பதில் வர மாதக்கணக்கில் இழுக்கலாம். அந்தப் பொறுமையின்மையில்தான் 'நான் வாங்கித் தருகிறேன்' என்கிற இன்னொரு தரகர் பிழைக்கிறார். அவருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.