குழந்தைகளுக்கு ஸ்கேன்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

குழந்தைகளுக்கு எடுக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் பற்றித்தான் என் ஆராய்ச்சி. ஃபிலிமைப் போட்டோ எடுத்துப் போட்டு "இது என்ன நோய்" என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

மலர்: நான்கு மாதக் குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தின் மேல்பக்கம் பெரிய நிழல். கட்டியா டாக்டர்?

உங்கள் குழந்தைக்கு என்னவென்று அதைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக இந்த வயதில் அங்கே தெரிவது நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி. படகின் பாய் விரித்த மாதிரி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், விலா எலும்பு அழுத்துகிற இடங்களில் விளிம்பு அலையலையாக இருக்கும். கட்டி என்றால் மூச்சுக்குழாயைத் தள்ளும், இது மெத்தென்று இருப்பதால் தள்ளாது. இதற்குப் பின்னால் ஒரு கொடுமை உண்டு. நாள்பட்ட நோயில் இறந்த குழந்தைகளின் உடலில் தைமஸ் சுருங்கிப் போயிருக்கும். அதையே சரியான அளவென்று எடுத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நல்ல குழந்தைகளின் தைமஸை "வீக்கம்" என்று சொல்லிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வளர்ந்த பிறகு அவர்களிடையே தைராய்டு புற்றுநோய் அதிகமாக வந்தது.

குமரன்: ஒரு எக்ஸ்ரே எடுத்தால் ஆபத்தா?

இயற்கையில் இருந்தே ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வாங்குகிறோம். நெஞ்சு எக்ஸ்ரே அதில் சில நாள் பங்குதான். கதிர்வீச்சு அதிகமுள்ள சி.டி. ஸ்கேன் என்றால் மட்டும் "அல்ட்ராசவுண்டில் முடியாதா" என்று தயங்காமல் கேளுங்கள்.

ரேவதி: ஆறு வாரக் குழந்தைக்கு இடுப்பு மூட்டு பார்க்க ஏன் எக்ஸ்ரே எடுக்கவில்லை?

தொடை எலும்பின் தலை இன்னும் வெறும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் தெரியாது.

செல்வம்: இடுப்பு எக்ஸ்ரேக்கு ஈயக் கவசமே போடவில்லை. அலட்சியம்தானே?

இல்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019இல் இனப்பெருக்க உறுப்புகளை ஈயத்தால் மறைக்கும் அந்த வழக்கத்தை விடச் சொல்லிவிட்டது.

செல்வம்: போட்டால் என்ன கெட்டுவிடும் சார்? கூடுதல் பாதுகாப்புதானே?

கெடும் என்பதால்தான் சொல்கிறேன். கதிர் போதவில்லை என்று கருவியே அளவைக் கூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது அளக்கிற இடத்தில் ஈயம் கிடந்தால் குழந்தைக்குத்தான் டோஸ் ஏறும். உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியே வைத்த தகடு தடுக்காது.

பானு: ஆண் குழந்தைக்காவது போடலாமே?

ஆண் குழந்தைக்கு மறைக்க வேண்டிய உறுப்பு வெளியே தெரிகிறது, வாதத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவசம் நகர்ந்து, பார்க்க வேண்டிய எலும்பை மறைத்தால் திரும்ப எடுக்க வேண்டும். அப்போது டோஸ் இரட்டிப்பு.

செல்வம்: மனசு கேட்கவில்லை.

கேட்காதுதான். அந்த மனசுக்காகவே பல இடங்களில் இன்னும் போடுகிறார்கள்.

தினேஷ்: எக்ஸ்ரே ஆபத்தா?

மேலே குமரனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜெயா: இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்...

முதல் பத்தியைப் படியுங்கள் அம்மா.

நசீர்: எம்.ஆர்.ஐ.க்கு மயக்க மருந்து கட்டாயமா?

கைக்குழந்தை என்றால் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்தே எடுக்கலாம். அதற்கு மேல் மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள், அது என் துறை இல்லை.