எடை 14, ஆள் வேறு

கேள்வி: கீழடிக் கரித்துண்டு ஒன்றுக்கு ஏ.எம்.எஸ் முறையில் (அணுக்களை முடுக்கியில் வேகமூட்டி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் முறை) கி.மு. 580 என்று காலம் கணித்தார்கள். கார்பன்-13 அணுவோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டினாலும் நிறை 14தானே? அதையும் கார்பன்-14 என்று எண்ணிவிட மாட்டார்களா? எங்கள் வீட்டு வளவில் நிற்கும் பர்மா தேக்குத் தூணுக்கும் இப்படிக் காலம் பார்க்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அந்த ஆபத்து உண்மைதான். உயிருள்ள மரத்தில் லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14. மரம் பட்டபின் அது குறைந்துகொண்டே போகும்; மிஞ்சியதை எண்ணித்தான் வயது சொல்கிறார்கள். கார்பன்-13 நூற்றுக்கு ஒன்று. அதில் துளியூண்டு ஹைட்ரைடாக, அதாவது ஹைட்ரஜன் ஒட்டிய மூலக்கூறாக, வந்தாலும் கணக்கு முங்கிவிடும். இரண்டுக்கும் நிறை வித்தியாசம் 1,800-ல் ஒரு பங்குதான். காந்தத்தால் பிரிக்கப் பார்த்தாலும் பெருங்கூட்டத்தின் ஓரம் சிதறிப் பக்கத்து இடத்தில் விழும். அதனால் பிரிப்பதை விட்டு உடைக்கிறார்கள்.

கரியை அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவி எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை இரும்புத் தூள் மேல் ஹைட்ரஜனால் கிராஃபைட்டாக்குவார்கள். 1 மில்லிகிராம் போதும். அதைச் சீசியம் அயனிகளால் அடித்தால் எதிர்மின் அயனிகள் கிளம்பும். நைட்ரஜன்-14 தொல்லை இங்கேயே ஒழிந்தது, அதற்கு நிலையான எதிர்மின் அயனி கிடையாது. ஹைட்ரைடுகள்தான் கூடவே வரும்.

முடுக்கியின் நடுவில் ஆர்கான் வாயுவுக்குள் பாயும்போது எலக்ட்ரான்கள் உரிந்துபோகும். மின்னூட்டம் +3 ஆனதும் மூலக்கூறு தன் விலக்குவிசையாலேயே வெடித்துச் சிதறும். நிறை 13 துண்டையும், இரண்டு ஹைட்ரஜனோடு ஒட்டிவந்த நிறை 12 துண்டையும் அடுத்த காந்தம் விலக்கிவிடும். 2 லட்சம் வோல்ட் சிறு கருவிகளில் மின்னூட்டம் +1தான். அங்கே ஹீலியத்தில் திரும்பத் திரும்ப மோதவிட்டே உடைக்க வேண்டும்.

வாயு குறைந்தால் ஹைட்ரைடு தப்பிவந்து மாதிரியை இளசாகக் காட்டும். கூடினால் அயனிக் கற்றை சிதறி எண்ணிக்கை சரியும். கார்பன்-14 அறவே இல்லாத கிராஃபைட்டை வைத்து அழுத்தத்தை ஏற்றிப் பார்த்து, எண்ணிக்கை இறங்கிச் சமமாகும் இடத்தில் நிறுத்துவதே வழி. மின்னூட்டம் +2-ஐத் தேர்ந்தால் லித்தியத்தையும் கவனிக்க வேண்டும். லித்தியம்-7 ஜோடிக்கும் நிறை 14. அது உடைந்து வரும் ஒற்றை அயனிக்கு (நிறை 7, மின்னூட்டம் +1) நிறை-மின்னூட்ட விகிதம் 14-க்கு 2 என்பதேதான், அதனால் எல்லாக் காந்தத்தையும் தாண்டிவிடும். உணர்கருவியில் பாதி ஆற்றல் காட்டும்போதுதான் பிடிபடும்.

தூணுக்கு இது உதவாது. 1650-க்குப் பிந்தைய மரத்தில் கார்பன்-14-ன் ஒரே அளவு பல ஆண்டுகளுக்குப் பொருந்தும். தவிர, கிடைப்பது அந்த வளையம் வளர்ந்த காலம், வீடு கட்டிய காலமல்ல. மரம் வாங்கிய வரவு செலவு பழைய பேரேட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.