பழைய வண்டி ஸ்டீரிங் ஆட்டம்: கேளுங்கள், சொல்கிறேன்

ராயபுரத்தில் 30 வருடமாகப் பழைய கார் வேலை பார்க்கிறேன். இன்று ஸ்டீரிங் ஆட்டம், அதாவது ஸ்டீரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே வரும் தளர்ச்சி, பற்றி மட்டும் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை: அண்ணே, அப்பாவுடைய பத்மினி கார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் போனாலே வண்டி அலைகிறது. ஸ்டீரிங்கை நாலு விரல் திருப்பினால்தான் சக்கரம் அசைகிறது. ஸ்டீரிங் பாக்ஸில் (ஸ்டீரிங் திருப்புவதைப் பல் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்பும் பெட்டி) ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்க்ரூவை முடுக்கிவிடலாமா?

முடுக்காதீர்கள் தம்பி. ஆட்டம் எங்கே என்று தெரியாமல் அந்த ஸ்க்ரூவில் கை வைக்கவே கூடாது. வண்டி தரையிலேயே நிற்கட்டும், இன்ஜின் ஆஃப். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் குனிந்து, பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையத் தாமதமானால் கோளாறு அந்த மூட்டில். டை ராடு எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் இருக்கும் பந்து மூட்டு, சுருக்கமாக எண்டு) எல்லாரும் பார்ப்பார்கள், பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் அந்தக் கம்பிகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மை விட்டுவிடுவார்கள். சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து, முழு பாக்ஸே அசைந்த வண்டியும் என்னிடம் வந்திருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்க்ரூ. சக்கரம் நேராக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக. நேர் ஓட்டம்தான் அதிகம் என்பதால் பல் நடுவில்தான் தேயும். நடு ஆட்டத்தை முழுசாக எடுக்கப் பார்த்தால் ஓரத்தில் பிடிக்கும். திருப்பத்தில் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது.

வியாசர்பாடி: மாருதி 800. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தை ஆட்டினால் ஆடுகிறது. எது போயிருக்கும்?

கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? டை ராடு எண்டு, இல்லை ரேக் (இந்த வண்டியில் பாக்ஸுக்குப் பதில் இருக்கும் பல் தண்டு). 12, 6 என்றால் சக்கர பேரிங், இல்லை சக்கரத்தைக் கீழ்க்கையோடு சேர்க்கும் பால் ஜாயிண்ட். பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள், ஆட்டம் நின்றால் பேரிங். ஸ்டாண்டு வைக்காமல், ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தை அளந்து சரிசெய்வது) செய்தால் ஆட்டம் போகுமா?

போகாது. மூட்டு ஆடும்போது அளக்கும் கோணம் வண்டி நகர்ந்ததும் மாறிவிடும்.

திருவொற்றியூர்: புது லோக்கல் எண்டை விட, புதுப்பேட்டையில் கிடைக்கும் கழற்றிய கம்பெனி எண்டே மேல் என்கிறார்களே?

பாக்ஸ் என்றால் ஒத்துக்கொள்கிறேன். திறந்து பல்லைப் பார்க்கலாம், ஷாஃப்டைச் சுற்றிப் பார்க்கலாம். எண்டு மூடியது. உள்ளே பந்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

பெரம்பூர்: நான் ஒத்துக்கமாட்டேன் அண்ணே. என் அம்பாசடரில் பழைய எண்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிப் போட்டார்கள். ஆறு மாசமாக ஓடுகிறது.

ஆறு மாசம் ஓடியது சரி, இன்று இரவே கழற்றுங்கள். தட்டினால் கிண்ணத்தின் விளிம்பு உள்ளே மடங்கும், ஆட்டம் மறையும், தேய்மானம் அப்படியே இருக்கும். மடங்கிய விளிம்பு விரிந்தால் பந்து வெளியே வந்துவிடும். அப்புறம் அந்தச் சக்கரம் உங்கள் ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது. அதுவும் கடலோரம் நமக்கு. ரப்பர் பூட் கிழிந்த எண்டில் காசிமேட்டு உப்புத் தண்ணீரும் மண்ணும் போனால் கிரீஸ் நிற்காது. தட்டின எண்டு எந்த வண்டியில் வந்தாலும் நான் அதைத் திரும்ப மாட்டித் தரமாட்டேன்.

பெரம்பூர்: சரி அண்ணே, புதுசே போடுகிறேன்.

நல்லது. ஒரு பக்கம் மாற்றும்போது மறுபக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

மணலி: பாக்ஸ் ஸ்க்ரூவைக் கொஞ்சமாக முடுக்கினால்?

தண்டையார்பேட்டை தம்பிக்குச் சொன்னதை முதலில் படியுங்கள்.

மாதவரம்: எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் லைட் எரிகிறது.

ஸ்கேனர் உள்ள கடைக்குப் போங்கள்.

எண்ணூர்: எண்டை நானே மாற்றலாமா?

மாற்றலாம். பழசைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள், புதுசையும் அதே சுற்று ஏற்றுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்றால் நட்டை மேலும் இறுக்கித்தான் சேர்க்கணும், தளர்த்தக் கூடாது. ஸ்ப்ளிட் பின் புதுசாக இருக்கட்டும். அன்றைக்கே அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.