ஹெரெஸில் ஒரு நாள்: ஷெர்ரி பொதேகா பார்க்கப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

தென் ஸ்பெயினில், செவில்யா நகரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் ரயிலேற்றி ஹெரெஸ் தெ லா ஃப்ரொன்தெராவுக்குக் கூட்டிப் போய்விடுவேன். ஷெர்ரி ஒயின் பிறந்த ஊர் அது. ஒயினை முதிர வைக்கும் பெரிய கூடத்துக்கு அங்கே பொதேகா என்று பெயர். போக நினைக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை வாசகி): செவில்யாவில் மூன்று நாள்தான் இருப்போம். அதில் ஒரு முழு நாளை ஹெரெஸுக்குக் கொடுக்கலாமா அக்கா? வாடகைக் கார் எடுத்துக்கொள்ளட்டுமா?

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கார் வேண்டாம். ஒயின் ருசி பார்க்கத்தான் போகிறீர்கள், திரும்பி வரும்போது யார் ஓட்டுவது? செவில்யாவின் சாந்தா ஹூஸ்தா நிலையத்திலிருந்து நேராக ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். காதிஸில் தங்கியிருந்தால் இன்னும் கிட்டே, முக்கால் மணி நேரம். ஹெரெஸில் இறங்கியதும் அவசரமாக வெளியேறாதீர்கள். நிலையத்துச் சுவர்களில் பதித்திருக்கும் வண்ண ஓடுகளை நின்று பாருங்கள். அங்கிருந்து ஊரின் நடுப்பகுதிக்கு நடந்தே போகலாம்.

கேள்வி (திருச்சி): ஷெர்ரி என்றால் தித்திப்பான, கேக்கில் ஊற்றுகிற சாராயம் என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பார்க்க ஒரு நாளா?

இந்த எண்ணத்தை மாற்றத்தான் நான் எல்லோரையும் அங்கே இழுத்துக்கொண்டு போகிறேன். ஹெரெஸ்காரர்கள் தினமும் குடிக்கும் ஷெர்ரியில் தித்திப்பே இருக்காது. பலொமினோ என்ற வெள்ளைத் திராட்சை, சுண்ணாம்பு மாதிரி வெளுத்த அல்பரிசா மண்ணில் விளைகிறது. அதன் சாறு சர்க்கரை முழுவதும் தீரும்வரை நொதிக்கும். பிறகு, திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைக் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். அதனால் ஆல்கஹால் அளவை 15 சதவீதம் வரை ஏற்றினால் ஃபினோ ஆகும். 17 சதவீதம் தாண்டினால் ஒலொரோசோ ஆகும். ஃபினோ வைக்கோல் நிறத்தில், தித்திப்பில்லாமல் உப்புக் கரித்தாற்போல இருக்கும். ஒலொரோசோ பழுப்பாக, வாதுமை வறுத்த வாசனையோடு இருக்கும். ஃபினோவாகத் தொடங்கிப் பாதியில் ஒலொரோசோ வழிக்குத் திரும்பியது அமொந்தில்யாதோ. தித்திப்பு வேண்டுமென்றால் பெட்ரோ ஹிமெனெஸ் இருக்கிறது. திராட்சையை வெயிலில் காயவைத்துப் பிழிவார்கள், பாகு மாதிரி கருப்பாக ஒழுகும்.

பெயரும் அந்த ஊருடையதுதான். அரபு ஆட்சிக் காலத்தில் ஹெரெஸுக்கு ஷெரீஷ் என்று பெயர். 1264-இல் பத்தாம் அல்ஃபொன்சோ மன்னர் ஊரைப் பிடித்த பிறகும் அந்தச் சொல் விடவில்லை, ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரி ஆகிவிட்டது.

கேள்வி (மதுரை, வேதியியல் ஆசிரியர்): பீப்பாயை முழுக்க நிரப்புவதில்லை என்று படித்தேன். காற்று பட்டால் ஒயின் புளித்து வினிகர் ஆகிவிடாதா?

ஐயா, இந்தப் பயணத்தின் உயிரே இந்தக் கேள்விதான். வழக்கமான பீப்பாய் 600 லிட்டர் கொள்ளும். ஃபினோவுக்கு ஏறக்குறைய 500 லிட்டர்தான் ஊற்றுவார்கள், மேலே காற்றுக்கு இடம் விடுவார்கள். சில வாரங்களில் ஒயினின் மேல் ஈஸ்ட் வெள்ளை ஏடாகப் படர ஆரம்பிக்கும். அதற்கு ஃப்ளோர் என்று பெயர், ஸ்பானிய மொழியில் பூ. நம் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததும் ‘பூத்துப்போச்சு’ என்போமே, அதே சொல்! நமக்கு அது கெட்டுப்போன அடையாளம். அங்கே அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இந்த ஏடு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தானே எடுத்துக்கொள்வதால் கீழே இருக்கும் ஒயின் நிறம் மாறாமல் வெளிறியே இருக்கும். அதோடு ஒயினில் இருக்கும் ஆல்கஹாலையும் கிளிசரினையும் தின்று அசிட்டால்டிஹைடை வெளியிடும். ஃபினோவை மோந்தால் பச்சை ஆப்பிளும் புளித்த மாவும் சேர்ந்தாற்போல ஒரு வாசம் வருவது அதனால்தான். 17 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் ஏடு பிழைக்காது. ஒலொரோசோ காற்றோடு நேராகப் பழகிப் பழுப்பேறுகிறது. ஒரே தோட்டத்துத் திராட்சை, இரண்டு சதவீத வித்தியாசம், இரண்டு வேறு ஒயின். சில பொதேகாக்களில் பீப்பாயின் முகப்பில் கண்ணாடி பதித்து இந்த ஏட்டைக் காட்டுவார்கள். அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

கட்டடமே இந்த ஈஸ்டுக்காகக் கட்டியதுதான். கோயில் மண்டபம் மாதிரி உயரமான கூரை, தடித்த சுவர், எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல், வெயிலை மறைக்கக் கோரைப்புல் திரை. மேற்கே கடலிலிருந்து வரும் ஈரக் காற்றை உள்ளே விடுவதற்கும், கிழக்கிலிருந்து வரும் உலர்ந்த சூட்டுக் காற்றைத் தடுப்பதற்கும் தக்கபடி ஜன்னல்களை வைத்திருக்கிறார்கள். தரையில் மஞ்சள் மண், கோடையில் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். சித்திரை வெயிலில் முற்றத்தில் தண்ணீர் தெளித்த வாசனையோடு பழைய மரமும் ஒயினும் கலந்தால் எப்படியிருக்கும்? அப்படி ஒரு வாசனை வாசலிலேயே நம்மை நிறுத்தும். முதல் தடவை அது மூக்கில் ஏறியபோது வழிகாட்டி பேசியது எதுவுமே என் காதில் விழவில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): போத்தலில் ‘சொலேரா 1847’ என்று இருந்தது. அப்படியானால் அது 1847ஆம் ஆண்டு ஒயினா?

இல்லை. அது அந்தப் பீப்பாய் வரிசையைத் தொடங்கிய ஆண்டு. வீட்டில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோம், நாளைக்கு இதிலிருந்து ஒரு கரண்டி. அந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய்களை மூன்று நான்கு அடுக்காக வைத்திருப்பார்கள். தரையோடு இருக்கும் கடைசி அடுக்குதான் சொலேரா, மேலே இருப்பவை கிரியாதெரா. போத்தலில் அடைக்க சொலேராவிலிருந்து ஒரு பங்கு எடுப்பார்கள், ஒருபோதும் காலி செய்ய மாட்டார்கள். எடுத்த அளவுக்கு மேலடுக்கிலிருந்து இறக்கி நிரப்புவார்கள், அதற்கு அதன் மேலடுக்கிலிருந்து. புது ஒயின் உச்சியில் சேரும். ஆகவே ஒவ்வொரு கோப்பையிலும் பழசின் ஒரு சிறு துளி இருக்கும், வயது சராசரியாகத்தான் சொல்ல முடியும். சட்டப்படி குறைந்தது 2 ஆண்டு சராசரி. லேபிளில் ‘வி.ஓ.எஸ்.’ என்றிருந்தால் 20 ஆண்டு, ‘வி.ஓ.ஆர்.எஸ்.’ என்றிருந்தால் 30 ஆண்டுக்கு மேல்.

கேள்வி (பெங்களூரு): எந்த பொதேகா? ஒரே நாளில் மூன்று பார்த்துவிடலாமா?

முடியாது தம்பி. ஒரு தடவை நான் அப்படித் திட்டம் போட்டு, மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய், எதையும் பிரித்தறிய முடியாமல் போனது. நல்ல பழைய அமொந்தில்யாதோ கையில் இருந்தும் வீண். கடைசி ரயிலையும் தவற விட்டோம். காலையில் ஒன்று பாருங்கள், போதும். மிகவும் ஆசையிருந்தால் மாலையில் சின்னதாக இன்னொன்று.

முதல் முறை போகிறவர்களுக்கு தியோ பெப்பே நல்லது. மனுவேல் மரியா கொன்சாலஸ் 1835-இல் தொடங்கிய கொன்சாலஸ் பியாஸ் நிறுவனத்துடையது. ஒரு தெருவையே உள்ளடக்கிய அளவுக்குப் பெரியது, கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே எலிகளுக்காக ஒரு கிளாஸ் தித்திப்பு ஷெர்ரி வைத்து, ஏறிக் குடிக்கக் குட்டி ஏணியும் சாத்தியிருப்பார்கள். குழந்தைகள் அதைவிட்டு நகராது. பெரிய கூட்டத்தோடு நடப்பது பிடிக்காது என்றால் லுஸ்தாவு பாருங்கள், ருசி பார்க்கக் கொடுக்கும் வகைகள் அதிகம். பழைய ஒயினோடு ஓவியமும் பிடிக்கும் என்றால் பொதேகாஸ் த்ரதிசியோன். அங்கே ஸ்பானிய ஓவியர் கோயாவின் ஓவியம் தொங்கும் கூடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் பீப்பாய்கள். எதுவானாலும் ஆங்கில வழிகாட்டி உள்ள நேரத்தைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை சின்ன இடங்கள் பலவும் மூடியிருக்கும்.

கேள்வி (சேலம்): நான் குடிப்பதில்லை, சைவம் வேறு. கணவருக்குத்தான் ஆசை. நான் வந்து என்ன செய்வது?

என் அம்மாவும் குடிக்க மாட்டார். ஆனால் வந்தவர்களிலேயே அதிகம் ரசித்தது அவர்தான். கிளாஸை வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வெனென்சியா என்றொரு கருவி உண்டு, நீண்ட வளையும் காம்பின் நுனியில் ஒல்லியான குவளை. அதைப் பீப்பாய்க்குள் விட்டு எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, இடுப்பருகே பிடித்த கிளாஸில் சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவார்கள். நம்மூர் டீ மாஸ்டர் ஆற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கை நேர்த்தி உடனே புரியும்.

சாப்பாட்டில் கவனம் தேவை. ‘வெஹெத்தரியானோ’ என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீன் வந்துவிடலாம். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று சொல்லுங்கள்: கறி, பன்றித்தொடை, மீன் எதுவும் வேண்டாம். ஆலிவ், வறுத்த வாதுமை, பயோயோ ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சீரகத்தோடு சமைத்த பதார்த்தத்தைக் கண்டால் விடாதீர்கள், நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

முட்டை சாப்பிடுவீர்களா? அப்படியானால் தொசினோ தெ சியேலோ. பெயரில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பொருளில் இல்லை. அந்தக் காலத்தில் ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினார்கள். மிஞ்சிய மஞ்சள் கருவைக் கன்னிமாடங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். கன்னியாஸ்திரிகள் அதில் சர்க்கரை சேர்த்துச் செய்த இனிப்பு இது.

கேள்வி (சிங்கப்பூர்): எந்த மாதம் போகலாம்?

மார்ச் கடைசியிலிருந்து மே வரை. மே மாதக் குதிரைத் திருவிழாவில் ஊர் நிரம்பி வழியும், அறையும் ரயிலும் முன்பே எடுத்துவிடுங்கள். ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் திராட்சை அறுவடை அப்போதுதான், செப்டம்பர் வரை நீளும்.

கேள்வி (சென்னை): பொதேகா முடிந்ததும் மீதிப் பொழுதுக்கு?

தபாங்கோ. பீப்பாயிலிருந்தே ஷெர்ரி ஊற்றித் தரும் பழைய கடைகளுக்கு அந்தப் பெயர். இரண்டு மணிக்குப் போனால் ஊர்க்காரர்கள் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். சிலவற்றில் ஃபிளமெங்கோ பாட்டும் உண்டு, புலேரியா என்ற தாளம் இந்த ஊர்ச் சொத்து. மதியத்துக்குப் பிறகு கடைகள் சாத்திவிடும், அப்போது அல்காசர் கோட்டைக்குள் உள்ள பழைய பள்ளிவாசலைப் பாருங்கள். அரச குதிரையேற்றப் பள்ளியின் காட்சி வழக்கமாகச் செவ்வாய், வியாழன் நண்பகலில் நடக்கும். அதற்கு ஆசைப்பட்டால் பொதேகாவை மாலைக்குத் தள்ளுங்கள்.

கேள்வி (லண்டன்): விஸ்கி பாட்டிலில் ‘ஷெர்ரி காஸ்க்’ என்கிறார்களே, இந்தப் பீப்பாய்கள்தானா?

பெரும்பாலும் இல்லை. சொலேரா பீப்பாய்களைப் பல தலைமுறைக்கு வைத்திருப்பார்கள், விற்க மனம் வராது. முன்பு ஷெர்ரியைப் பீப்பாயோடு கப்பலேற்றினார்கள், காலியானது ஸ்காட்லாந்துக்குப் போனது. 1980களில் அந்த வழக்கம் நின்றது. இன்று விஸ்கிக்காரர்களுக்கென்றே புதுப் பீப்பாய் செய்து, ஒன்றிரண்டு வருடம் ஷெர்ரி ஊற்றிப் பழக்கி அனுப்புகிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எதை வாங்கி வரலாம்? ஊரில் எத்தனை நாள் தாங்கும்?

இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். ஃபினோவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் சூட்டில் அது சீக்கிரம் களையிழக்கும், திறந்தால் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதை ஹெரெஸிலேயே, சில்லென்று, வறுத்த வாதுமையோடு குடித்துவிட்டு வாருங்கள். ஊருக்கு ஒலொரோசோ ஒன்று, பெட்ரோ ஹிமெனெஸ் அரை போத்தல் ஒன்று. இரண்டும் திறந்த பிறகும் சில வாரம் தாங்கும். பெட்ரோ ஹிமெனெஸை வனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். அப்புறம் குடிக்காதவர்களுக்குக் கொடுக்க ஷெர்ரி வினிகர் ஒரு சின்னப் பாட்டில். வெங்காயப் பச்சடியில் நாலு சொட்டு விட்டால் போதும்.