மூன்று முறை வாசித்தால் ராஜா வருவாரா?

கேள்வி: 'கிங் ஆஃப் தி ஃபேரீஸ்' என்ற அயர்லாந்து நடன மெட்டை வயலினில் பழகுகிறேன். ஒரே இரவில் மூன்று முறை வாசித்தால் ஃபேரிகள் என்ற மாயத் தேவதைகளின் ராஜாவே வந்து நிற்பார் என்று இணையத்தில் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி விழாவில் இரண்டு முறையோடு நிறுத்திவிடட்டுமா?
- வயலின் மாணவி, திருச்சி

பதில்: நிறுத்த வேண்டாம். அயர்லாந்து பப்களில் கூடி வாசிப்பவர்கள் ஒரு மெட்டை இரண்டு மூன்று சுற்று வாசித்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்கள். அந்த வழக்கப்படி இதுவும் எத்தனையோ இரவுகளில் மும்முறை ஒலித்திருக்கிறது. யாரும் வந்து நிற்கவில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது இரண்டாம் பகுதிக்கு. ஜிக், ரீல் போன்ற சாதாரண நடன மெட்டு என்றால் எட்டு பார் (தாள அளவு) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, ஆக 32 பார். இதுவோ ஒருவர் தனியாக ஆடும் 'செட் டான்ஸ்' மெட்டு. முதல் பகுதி 8 பார், இரண்டாவது 16. பழக்கதோஷத்தில் எட்டாவது பாரிலேயே மெட்டின் தொடக்கத்துக்குத் திரும்பிவிட்டால், ஆடுபவருக்கு அடவு பாதியில் அறுந்துபோகும்.

மெட்டில் கேட்கும் அமானுஷ்யச் சாயலுக்குக் காரணம் அதன் சுரங்கள். மேற்கத்திய ஈ (E) சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் அவை நம் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்கள். சி ஷார்ப்பை விட்டு சி நேச்சுரலைப் பிடித்தால் தைவதம் இறங்கி நடபைரவி ராகம் ஆகிவிடும், சாயலும் போய்விடும். மேற்கத்திய முறையில் தந்தி சேர்த்திருந்தால், ஏ தந்தியில் இரண்டாம் விரலை மூன்றாம் விரலோடு ஒட்டி வையுங்கள். ஈ தந்தியில் நேர்மாறாக, இரண்டாம் விரல் முதல் விரலை ஒட்டி நிற்க வேண்டும்.

அதற்காகக் கதைகளையெல்லாம் குப்பையில் போடச் சொல்லவில்லை. அயர்லாந்தில் ஃபேரிகள் குடியிருப்பது பழைய வட்ட மண்கோட்டைகளுக்குள் என்று நம்பிக்கை. உண்மையில் அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பண்ணைவீடுகளின் மண்கரைகள். கை வைத்தால் கெடுதல் வரும் என்ற பயத்தால்தான் அவற்றில் பல, ஏர் படாமல் தப்பின. 'கோல்டு ரிங்' என்ற ஜிக்குக்கும் இப்படி ஒரு கதை உண்டு: ஃபேரிகள் தொலைத்த தங்க மோதிரத்தைக் கண்டெடுத்துத் திருப்பிக் கொடுத்தவருக்குப் பரிசாகக் கிடைத்த மெட்டாம். இயற்றியவர் பெயர் தெரியாத மெட்டுக்கு ஒரு பிறப்பிடம் கற்பிக்கும் கதை இது என்பது என் கருத்து. ஆனால் பெயர் தெரிந்தவரையும் இந்த வழக்கம் விடவில்லை. அம்மையில் பார்வை இழந்த யாழிசைக் கலைஞர் டர்லோ ஒ'கேரலன் (1670–1738) முதலில் இயற்றியதாகச் சொல்லப்படும் 'ஷீ பெக், ஷீ மோர்', அயர்லாந்தின் லீட்ரிம் பகுதியின் இரண்டு ஃபேரிக் குன்றுகளைப் பற்றியது.

எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள பிளாஸ்கெட் தீவுகளின் 'போர்ட் ந பூக்கி' என்ற மெட்டு. ஆட்டத்துக்கானதல்ல, விளம்ப காலத்தில் வாசிப்பது. இரவில் ஆவிகள் பாடக் கேட்டு எடுத்த மெட்டு என்பார்கள். திமிங்கிலங்களின் குரலாக இருக்கலாம் என்றும் ஒரு விளக்கம் உண்டு. அந்தத் தீவுக்காரர்களின் படகு, மரச்சட்டத்தின்மேல் தார் பூசிய கித்தான் போர்த்தியது. நீருக்கடியில் எழும் ஒலி அந்த மெல்லிய கித்தானில் அதிரும். இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

மேடையில் ராஜா கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், நம்பிக்கை என்று குறிப்பிட்டு. பிறகு மூன்று சுற்றும் வாசியுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பதினாறு பாரும் முழுதாக.