உளுந்துப் பூ கொட்டுகிறது, இன்னொரு தண்ணீர் கட்டலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு மன்னார்குடி பக்கம். தாளடி (இரண்டாம் போக) நெல் அறுப்பு தள்ளிப்போனதால் மாசி முதல் வாரம்தான் ஆடுதுறை 3 ரக உளுந்து தெளித்தேன். இப்போது பங்குனி பத்து, பூவெல்லாம் கொட்டுகிறது. போர்வெல் தண்ணீர் ஒருமுறை பாய்ச்சினேன். பள்ளத்துப் பக்கம் செடி வெளுத்துவிட்டது. இன்னொரு தண்ணீர் கட்டலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கிச் செடியைப் பாருங்கள். மத்தியானம் வாடி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம். காலையிலேயே இலை தொங்கிக் கிடந்தால்தான் வேருக்கு ஈரம் போதவில்லை.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டத் தாண்ட மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சாகாமல் உதிரும். அதைத் தண்ணீரால் மட்டும் நிறுத்த முடியாது. ஆனால் பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் ஈரமும் குறைந்தால் இழப்பு இரட்டிப்பாகும். அதனால் காலையில் வாட்டம் தெரிந்தால் மட்டும், சாயங்காலம், மேலாக ஒரு நனைப்பு கொடுங்கள். களிமண்ணில் வெடிப்பு அகலமாக விழும்வரை காத்திருக்கக் கூடாது. அப்புறம் பாயும் தண்ணீர் வெடிப்பில் இறங்கி அடியில் தேங்கிவிடும்.

பள்ளத்தில் நடந்திருப்பதும் தேக்கம்தான் என்று நினைக்கிறேன். ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், காற்றில்லாமல் முடிச்சு செத்துவிட்டது. இன்றே ஒரு வடிகால் கீறி நீரை வெளியேற்றுங்கள். இலையில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள்.

ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை இரவு ஊறவைத்து, தெளிந்த நீரை வடிகட்டி 200 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. பூவும் பிஞ்சும் நிற்க இது நன்றாக உதவும்.

அடுத்த வருஷம் தை கடைசிக்குள் விதை விழும்படி பாருங்கள். நெல் அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்தால், மிச்ச ஈரத்திலும் பனியிலும் செடி வளர்ந்து, இந்த வெயிலுக்கு முன்பே காய் பிடித்துவிடும். இயந்திர அறுப்பு என்றால் சக்கரம் முளையை நசுக்கும். அறுத்த கையோடு தெளியுங்கள், தாளை எரிக்காதீர்கள்.

நெற்று கறுக்கத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிட்டு, சித்திரை மழைக்கு முன் பறித்துவிடுங்கள். நனைந்த நெற்று செடியிலேயே முளைத்துவிடும்.